அத்தானும் என் கூரியர் கடையும்

நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய ஒரு கல்யாணப் பத்திரிகை. அதை வைத்துக்கொண்டு மேற்கு மாம்பலத்தில் ஒரு வீட்டின் இரும்புக் கேட்டுக்கு வெளியே நான் நிற்கிறேன். உள்ளே, அப்போதுதான் ஆபீஸ் விட்டு வந்து முகம் கழுவிய ஈரத்தோடு, தோளில் துண்டுடன் அத்தான் நிற்கிறார். மதியம் அவர் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தபோதே என் டெலிவரி ஆள் இதே கவரோடு வந்துவிட்டுத் திரும்பியிருந்தான். "இன்னா சார் இவரு, கவரத் தொடவே மாட்டேன்றாரு. கையெழுத்துப் போடுங்கன்னு கேட்டா கதவச் சாத்திக்கினாரு" என்று என் மேசையில் அதைப் போட்டான். விலாசத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அதனால் நானே எடுத்து வந்தேன். "உங்க தம்பி பொண்ணு கல்யாணப் பத்திரிகை, அத்தான்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கவரின் மேல் ஒட்டியிருந்த எங்கள் கம்பெனியின் சீட்டைப் பார்த்தார். "எனக்கு எதுவும் வரல. வந்தா போஸ்ட்மேன் கொண்டாந்து குடுப்பான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கேட்டின் கம்பிகளுக்கிடையில் அதைச் செருகிவிட்டு வந்தேன். மறுநாள் தெரு கூட்டுகிறவள் அதைக் குப்பையோடு வாரிக்கொண்டு போனாள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். கூடப் பிறந்த தம்பியின் மகள் கல்யாணத்துக்கு அவர் போகவில்லை. அக்கா மட்டும் கோயம்புத்தூர் போய், அவருக்குக் காய்ச்சல் என்று எல்லாரிடமும் பொய் சொல்லிவிட்டு வந்தாள்.

இறந்தவர்களைப் பற்றி நல்லதையே பேச வேண்டும் என்பார்கள். அத்தான் விஷயத்தில் எனக்கு அது வரவில்லை. அவர் போய்ச் சேர்ந்து இத்தனை வருடங்களுக்குப் பிறகும், அவரை நினைத்தால் முதலில் கோபம்தான் வருகிறது. அவரை மட்டும் தனியாகப் பிரித்துக் கோபப்படவும் முடியவில்லை. அவர் வேலை பார்த்த தபால் இலாகாவும் அவரும் எனக்கு ஒரே ஆள் மாதிரி. அதன் மெத்தனம் அவருடைய நடையில் இருந்தது, அதன் கர்வம் அவருடைய மூக்கில் இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஊரில் பி.காம். முடித்துவிட்டு அக்கா வீட்டில் தங்கி வேலை தேடுவதற்காகச் சென்னைக்கு வந்தேன். அத்தான் அப்போது தியாகராய நகரில் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சின்னத் தபாலாபீஸில் போஸ்ட் மாஸ்டர். வந்த முதல் வாரமே, "இலாகாவுல பரீட்சை வைப்பாங்க. எழுதி உள்ள வந்துடு மாப்ள. வேற எங்கயும் அலையாத" என்றார். நான் அலையவில்லை. காத்திருந்தேன். பரீட்சை வரவில்லை. இலாகா நஷ்டத்தில் ஓடுகிறது, ஆள் எடுப்பதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று அவரே ஒவ்வொரு முறையும் சொல்வார். ஆனால் வேறு வேலைக்கு மனுப் போட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அவர் ஆபீஸிலேயே ஓய்வு பெற்றுப் போனவர்களின் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அந்தக் காலி நாற்காலிகளை நம்பி என்னை வீட்டில் உட்கார வைத்திருந்தார். கடைசியில் பாண்டி பஜார் பக்கம் புதிதாகத் திறந்திருந்த ஒரு கூரியர் கம்பெனியில் கவுண்டரில் உட்காரச் சேர்ந்தேன். அன்று இரவுச் சாப்பாட்டின்போது அதைச் சொன்னேன். அவர் மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "எங்க இலாகா வயித்துல அடிக்கிறவனுக்கு இந்த வீட்டுல சோறு கிடையாது" என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை, ஊறுகாய் கேட்பதுபோலச் சொன்னார். அக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். மறுநாள் காலை பெட்டியோடு வெளியே வந்து, ஸ்டேஷன் பக்கம் ஒரு மேன்ஷனில் நான்கு பேர் தங்கும் அறையில் இடம் பிடித்தேன்.

அவருடைய ஆபீஸைப் பற்றிச் சொன்னால் என் கோபம் கொஞ்சமாவது விளங்கும். பழைய வீடு ஒன்றின் கீழ்த்தளம் அது. இலாகா என்றைக்கோ நிர்ணயித்த வாடகையை வைத்துக்கொண்டு வீட்டுக்காரர் சுண்ணாம்பு அடிக்க மறுத்தார், இலாகாவும் அடிக்கவில்லை. இரண்டு கவுண்டர்களில் ஒன்றின் மேல் 'மூடப்பட்டுள்ளது' என்ற பலகை நிரந்தரமாக மாட்டியிருக்கும். மற்றொன்றின் முன்னால் வரிசை வாசல்படியைத் தாண்டி வெயிலில் நிற்கும். தபால்தலையின் பின்பக்கம் பசை இருக்காது. மூலையில் ஒரு டப்பாவில் மைதா பசை புளித்துப்போய் ஈ மொய்த்துக் கிடக்கும். விரலால் எடுத்து ஒட்டிவிட்டு, அந்த விரலைச் சுவரில் துடைப்பார்கள். அந்தச் சுவரைத்தான் இலாகாவின் முகம் என்று நான் நினைத்துக்கொள்வேன். ஒருமுறை அம்மாவுக்கு மணியார்டர் அனுப்ப அங்கே போனேன். வேறு ஆபீஸுக்குப் போயிருக்கலாம். அவர் என்ன செய்வார் என்று பார்க்கும் வீம்பில்தான் போனேன். வரிசை நகர்ந்து நகர்ந்து என் முறை வந்தபோது கிளார்க்கின் இடத்தில் அத்தானே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், 'உணவு இடைவேளை' என்ற அட்டையை எடுத்து என் முகத்துக்கு நேராக வைத்துவிட்டு எழுந்து போனார். எனக்குப் பின்னால் நின்ற ஒரு பென்ஷன்தாரர், "இங்க எப்பவுமே இப்படித்தான் சார்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

நஷ்டத்தைப் பற்றி அத்தானுக்கு வெட்கமே கிடையாது. அதுதான் என்னை மிகவும் எரிச்சல்படுத்தியது. ஒரு தபால் அட்டையை விற்றால் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற செலவுகூட வராது என்பதை, ஊருக்கு அன்னதானம் போடுகிறவர் மாதிரி சொல்வார். அம்மா ஊரிலிருந்து வந்திருந்த ஒரு பொங்கலுக்கு அக்கா என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். அன்று இந்தப் பேச்சு வந்தது. சோம்பேறித்தனத்தால் வருகிற நஷ்டத்துக்குத் தர்மம் என்று பெயர் வைக்காதீர்கள் என்றேன். அவர் என்னிடம் பேசாமல் அம்மாவிடம் பேசினார். "உங்க மகன் பாண்டி பஜார்ல வாங்கிப் பாரிமுனையில குடுக்கிறான். அதுக்குப் பேரு வேகம். நீங்க இருக்கிற ஊருக்கு ஒரு கவர் கொண்டுபோய்க் குடுக்கச் சொல்லுங்க பாப்போம்." அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "அவன் எதுக்குங்க அவ்வளவு தூரம் கொண்டாரணும்?" என்றாள். ஊருக்கு எங்கள் கம்பெனியின் ஆள் கிடையாது. திருநெல்வேலி டவுனோடு எங்கள் உலகம் முடிந்தது.

அதற்குள் நான் அதே கம்பெனிக்குச் சொந்தமாக ஏஜென்சி எடுத்திருந்தேன். ஜவுளிக்கடைகள், நகைக்கடைகள், டியூஷன் சென்டர்கள் என்று அத்தானின் பகுதியில் யாரெல்லாம் கவர் அனுப்பினார்களோ, அவர்களை ஒவ்வொருவராக என் பக்கம் இழுத்தேன். அதில் எனக்கு வருமானத்தைவிடப் பெரிய சந்தோஷம் இருந்தது. அந்தச் சமயத்தில் மேலிடத்திலிருந்து அவருக்கு உத்தரவு வந்திருந்தது என்பதை அக்கா வழியாக அறிந்தேன். வருமானத்தைக் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஆபீஸை இழுத்து மூடிப் பெரிய ஆபீஸோடு சேர்த்துவிடுவார்கள். எத்தனையோ வருடமாக யாரும் எதுவும் கேட்காத இடத்தில் திடீரென்று கணக்குக் கேட்டார்கள். "ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுக்காருடா" என்றாள் அக்கா. நான் இரக்கப்படவில்லை. நல்லது, இப்போதாவது படுக்கை உறுத்தட்டும் என்று நினைத்தேன்.

எங்கள் பகுதியில் ஒரு பெரிய ஜவுளிக்கடை இருந்தது. முதலாளி எங்கள் பக்கத்துக்காரர், தென்காசிப் பக்கம். ஒவ்வொரு தீபாவளிக்கும் முன்னால் பழைய வாடிக்கையாளர்கள் அத்தனை பேருக்கும் வாழ்த்து அட்டை அனுப்புவார். அதோடு ஒரு தள்ளுபடிச் சீட்டும் இருக்கும். சென்னையில் பாதிப் பேர், மீதிப் பேர் தெற்கே சின்னச் சின்ன ஊர்களில். அந்த வருடம் மொத்தத்தையும் வேறு ஏற்பாட்டில் அனுப்ப வேண்டும் என்று அவர் யோசிக்கிறார் என்று கேள்விப்பட்டு நான் போனேன். மாடியில் அவர் அறைக்கு வெளியே, சேலை மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் அத்தான் உட்கார்ந்திருந்தார். சலவை செய்த சட்டை. மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. வாழ்நாளில் ஒரு வாடிக்கையாளரைத் தேடி அவர் நடந்து போனது அதுதான் முதல் தடவையாக இருக்கும். என்னைப் பார்த்ததும் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். கடைப் பையன்கள் எங்களைத் தாண்டித் தாண்டி மூட்டைகளை எடுத்துப் போனார்கள். முதலாளி இரண்டு பேரையும் ஒன்றாகவே உள்ளே கூப்பிட்டார். அவருக்கு எங்கள் உறவு தெரியாது.

அத்தான் இலாகாவின் சிறப்புகளைச் சொல்லத் தொடங்கினார். எவ்வளவு பழையது, எத்தனை ஊர்களுக்குப் போகிறது என்றெல்லாம் சொன்னார். முதலாளி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "கவரையெல்லாம் நீங்க வந்து எடுத்துக்கிடுவீங்களா, நாங்க கொண்டாரணுமா?" கொண்டுவர வேண்டும் என்றார் அத்தான். "வரிசையில நிக்கணுமா?" அத்தான் கொஞ்சம் தயங்கி, தனியாக வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்கிறேன் என்றார். நான் உடனே, மாலையே ஆள் அனுப்புகிறேன், விலாசம் ஒட்டுவதும் எங்கள் வேலை என்றேன். வேலை எனக்குக் கிடைத்தது. படியிறங்கும்போது அத்தான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். அவரைத் தாண்டி நான் வேகமாக இறங்கிப் போனேன்.

சென்னைக் கவர்களை என் ஆட்கள் இரண்டே நாளில் கொடுத்து முடித்தார்கள். தெற்கத்திக் கவர்களை என்ன செய்வது என்று எனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். தொழிலில் அப்போது எல்லாரும் செய்ததுதான். தபால்தலை வாங்கி ஒட்டி, அடையாறுக்குக் கொண்டுபோய் அங்கேயிருந்த தபாலாபீஸில் போட்டேன். அத்தான் கண்ணில் படாமல் இருக்கத்தான் அவ்வளவு தூரம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். கொண்டு சேர்ப்பதாகத்தான் சொன்னேன். எதில் கொண்டு சேர்ப்பேன் என்று சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஆனால் சில வாடிக்கையாளர்கள் ஊர் மாறியிருந்தார்கள், சிலர் செத்தே போயிருந்தார்கள். அந்தக் கவர்கள் 'விலாசதாரர் இல்லை' என்று எழுதப்பட்டு அனுப்பியவருக்கே திரும்பி வந்தன. அனுப்பியவர் என்று கவரில் அச்சிட்டிருந்தது ஜவுளிக்கடையின் விலாசம். அந்தக் கடைக்குத் தபால் போவது அத்தானின் ஆபீஸ் வழியாக. தபால்தலையின் மேல் அடையாறு முத்திரை. கூரியரில் போன கவர் தபாலில் எப்படித் திரும்பி வருகிறது என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

முதலாளி எனக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோது அத்தான் ஏற்கெனவே அங்கே இருந்தார். இந்த முறை நாற்காலியில். மேசைமேல் அந்தக் கவர்கள் ஒரு கட்டாக இருந்தன. அத்தான் எழுந்து நின்று, முதலாளியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார். வீட்டை விட்டு நான் போன பிறகு அவர் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

"மெட்ராஸ்ல ஆட்டோவுல போய்க் குடுக்கிறதெல்லாம் உனக்கு. பஸ்ஸு போகாத ஊருக்கு சைக்கிள்ல போய்க் குடுக்கிறது எங்களுக்கு. கரும்ப நீ கடிச்சுக்கிட்டு சக்கைய எங்க தலையில கட்டுற. அப்புறம் நாங்க நஷ்டத்துல ஓடுறோம்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுற."

"சக்கையச் சுமக்கத்தான உங்களுக்குச் சம்பளம் தாராங்க, அத்தான்?" என்றேன்.

அத்தான் என்ற சொல்லைக் கேட்டு முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு ஒரு வியாபாரிக்கு உரிய நிதானத்தோடு, என் பக்கம் கையை நீட்டி, "நீங்க செஞ்சது சரியில்ல தம்பி" என்றார். அத்தான் பக்கம் திரும்பி, "சரி அய்யா, பொங்கலுக்கும் அட்டை போடப்போறேன். அத்தனையும் நீங்களே எடுத்துக்கிடுங்க. ஆனா உங்க ஆள் இங்க வந்து எடுக்கணும். நாங்க வரிசையில நிக்க மாட்டோம்" என்றார். அத்தான் முகத்தில் அன்று பார்த்த வெளிச்சத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

வெளியிலிருந்து கவர்களை வாங்கிவர ஓர் ஆளை அனுப்ப அத்தானுக்கு அதிகாரம் இல்லை. மேலிடத்தின் அனுமதி வேண்டும். எழுதினார். பதில் இல்லை. நினைவூட்டி எழுதினார். நேரில் போனார். இன்னோர் அதிகாரியின் கையெழுத்து வேண்டும் என்றார்கள், அவர் விடுமுறையில் இருக்கிறார் என்றார்கள். அக்காவிடமிருந்து இந்தக் கதையெல்லாம் வாராவாரம் என் காதுக்கு வரும். மார்கழி பாதியானதும் முதலாளி பொறுமை இழந்து, சென்னைக் கவர்களுக்கு என்னைக் கூப்பிட்டார். வெளியூர்க் கவர்களைக் கடையின் கணக்குப்பிள்ளையே தலையில் அடித்துக்கொண்டு ஏதோ ஒரு தபால் பெட்டியில் போட்டார். பொங்கல் கழிந்து, வாசல் கோலங்கள் எல்லாம் அழிந்த பிறகு அத்தானுக்கு அனுமதி வந்தது. தனியார் நிறுவனத்துக்குச் சென்று தபால் பெற்றுவர, பரிசோதனை அடிப்படையில், ஆள் இருப்பைப் பொறுத்து, அனுமதிக்கப்படுகிறது. அவர் ஆபீஸில் அனுப்புவதற்கு ஆளே இல்லை.

என்னோடு எதிர்த்து நின்று அவர் தோற்றிருந்தால் நான் கொண்டாடியிருப்பேன். அவருடைய இலாகாவே அவரைத் தோற்கடித்தது. அதைப் பார்த்தும் அவருக்கு அதன்மேல் கோபம் வரவில்லை என்பதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அக்கா கேட்டாளாம், இவ்வளவு செய்தும் உங்களை நாயாக அலைய விட்டார்களே என்று. "மேல இருக்கிறவங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்" என்றாராம். முழுக் கோபத்தையும் என்மேல் மட்டும் சேமித்து வைத்திருந்தார்.

அடுத்த கோடையில் அந்த ஆபீஸை மூடினார்கள். வீட்டுக்காரர் காத்திருந்தவர்போல அந்த இடத்தை இடித்து, மூன்று மாடியில் பாத்திரக்கடை கட்ட வாடகைக்கு விட்டார். போஸ்ட் மாஸ்டராக இருந்த அத்தான் பெரிய ஆபீஸில் பத்தோடு பதினொன்றாக ஒரு மேசைக்குப் போய், அங்கிருந்தே ஓய்வு பெற்றார். அந்தத் தெருப் பென்ஷன்தாரர்கள் ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் இடிபட்டு அங்கே நடந்து போவதைப் பார்ப்பேன். சிலர் வழியில் என் கடையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்பார்கள். அந்த ஆபீஸை நான்தான் மூடவைத்தேன் என்று அக்கா ஒருநாள் சொன்னாள். இல்லை, அந்தப் பசை டப்பா மூடவைத்தது என்றேன். "நீங்க ரெண்டு பேரும் சண்ட போடுறது தபாலுக்கு. குத்துற குத்தெல்லாம் என் தலையில விழுது" என்று சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள்.

தொண்ணூறுகள் முடிவதற்குள் எங்கள் கம்பெனியும் போனது. வடக்கே இருந்த தலைமை அலுவலகத்தில் முதலாளிகள் தங்களுக்குள் அடித்துக்கொண்டு, ஒருநாள் காலை போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். இரவு வர வேண்டிய வண்டி வரவில்லை, மறுநாளும் வரவில்லை. நஷ்டத்தில் ஓடினாலும் இழுத்துக்கொண்டு ஓட எங்களுக்குப் பின்னால் சர்க்கார் இல்லை. கடை வாசலில் மக்கள் ரசீதோடு வந்து சத்தம் போட்டார்கள். அறை முழுக்கக் கவர்கள். விண்ணப்பங்கள், ஜாதகங்கள், மருந்துச் சீட்டுகள், மகன் வெளிநாடு போவதற்கான பாஸ்போர்ட் நகல்கள். பெரிய கூரியர்காரன் ஒருவனிடம் கேட்டேன். பட்டணங்களுக்குப் போவதைக் கொடு, மற்றதை நீயே வைத்துக்கொள் என்றான். நான் அத்தானின் இலாகாவுக்குச் செய்ததை அவன் எனக்குச் செய்தான்.

கடைச் சாவியை இடத்துக்காரரிடம் கொடுத்த அன்று மாலை அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா கோயிலுக்குப் போயிருந்தாள். அத்தான் கதவைத் திறந்தார். திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன், அவர் வழிவிட்டு நின்றதால் உள்ளே போனேன். ஓய்வு பெற்ற பிறகு மெலிந்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, நான் எதுவும் சொல்வதற்கு முன்பே, "கம்பெனி முங்கிட்டாமே" என்றார். ஆமாம் என்றேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நான் தயாராக இருந்தேன். அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்றுகூட ரயில்வே கேட்டைத் தாண்டி வரும்போதே யோசித்து வைத்திருந்தேன். அவர் சந்தோஷப்படவில்லை, வருத்தப்படவும் இல்லை.

"எங்க ஆபீஸ மூடின மறுநாளும் காலையில தபால் பட்டுவாடா ஆச்சு. உன் கடையில கிடந்த கவரெல்லாம் என்ன ஆச்சு?"

அதற்கு நான் பதில் யோசித்து வைத்திருக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "தபால்ல போட்டுட்டேன், அத்தான்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அன்று என்னைப் பார்த்த அதே பார்வையோடு கேட்டார்:

"ஸ்டாம்பு ஒட்டினியா?"